கவருக்கு இருபது காசு

தல்லாகுளத்தில் இருந்த அந்தக் கூட்டுறவுப் பண்டகசாலையில், இனிமேல் பாலிதீன் கவருக்கு இருபது காசு என்று போர்டு எழுதி வைத்த அன்று கிளம்பிய கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எண்பத்தேழாம் வருஷம், ஜூன் மாதம். மதுரைக்காரர்கள் மல்லிகைப்பூவைப் பேரம் பேசாமல் முழம் முழமாக வாங்குவார்கள். புதுப்படத்துக்குப் பிளாக்கில் டிக்கெட் எடுப்பார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதக் கை தாராளமாக நீளும். ஆனால் சாமான் வாங்கிய கடையில் பைக்குத் தனியாகக் காசு கேட்டால் மட்டும் மானமே போய்விட்ட மாதிரி குதிப்பார்கள்.

"பருப்புக்குக் காசு வாங்குறீக, சரி. அத வீட்டுக்குக் கொண்டு போறதுக்கும் காசா?" என்று கோர்ட்டு டவாலி ஒருவர் கவுண்டரில் ஓங்கித் தட்டினார்.

"ஆபீஸ் விட்டு நேரா வாரோம். பையத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்குப் போகச் சொல்றீகளா அண்ணே?" என்றார் பின்னால் நின்றவர்.

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கால் கிலோ துவரம்பருப்பு வாங்க வருகிறவனுக்கு இருபது காசும் காசுதானே. நல்லகாமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வீட்டுல இருந்து பை கொண்டாங்க, ஒரு பைசா தர வேணாம்" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்தான் பண்டகசாலையின் செயலாளர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கவருக்குக் காசு வாங்கும் யோசனையும் அவருடையதுதான். முன்னெல்லாம் செய்தித்தாள் பொட்டலமும் சணலும்தான். எல்லோரும் கையில் பையோடுதான் வருவார்கள். எதிர்த்த பலசரக்குக் கடைக்காரன் பாலிதீன் கவரை ஓசியில் கொடுக்க ஆரம்பித்தான். போட்டிக்குப் பண்டகசாலையும் கொடுத்தது. ஒரே வருஷத்தில் ஊர் கையை வீசிக்கொண்டு கடைக்கு வரப் பழகிவிட்டது. பண்டகசாலைக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடை கவரால் அடைத்துக்கொண்டு நாறியது. இது உருப்படாது என்று நல்லகாமன்தான் கமிட்டியில் பேசி இருபது காசுக்குச் சம்மதம் வாங்கினார்.

பை கொண்டு வா என்று சொல்லிவிட்டார். சனங்கள் எந்தப் பையைக் கொண்டு வருவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை மனுஷர்.

மூன்றாம் நாள் காலையில் விக்டோரியா டீச்சர் வந்தார். சர்க்கரை ரெண்டு கிலோ, உளுந்து ஒரு கிலோ, துணி சோப்பு ரெண்டு. கவுண்டரில் இருந்த ஆனிமேரி பில் போட்டாள். நல்லகாமன் சாமானை எடுத்து வைக்கக் கை நீட்டினார். டீச்சர் கக்கத்தில் இடுக்கியிருந்த மஞ்சள் துணிப்பையை உதறி விரித்தார்.

பையின் மேல் சிவப்பு மையில், நடுவே குத்துவிளக்குப் படம் போட்டு, அச்சடித்திருந்தது:

காளை – தங்கப்பொண்ணு
திருமண விழா

நல்லகாமனின் கை உளுந்துப் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டது.

"அடியில லேசா ஓட்டை இருக்கு சார். சோப்ப மொதல்ல போடுங்க, அது அடைச்சுக்கிரும்" என்றார் டீச்சர். பையில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? பை என்றால் பை. பரணில் கிடந்தது, கைக்கு வந்தது, எடுத்து வந்துவிட்டார். நல்லகாமன் சோப்பை முதலில் போட்டார். அதன்மேல் உளுந்து, சர்க்கரை. டீச்சர் போனபிறகு கோடவுனுக்குள் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

தங்கப்பொண்ணு அவருடைய ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முந்தி, வைகாசியில், தல்லாகுளத்திலேயே மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்தார். மாப்பிள்ளை உசிலம்பட்டிப் பக்கம். பத்து ஏக்கர் நிலம், நல்ல பையன். பண்டகசாலை உறுப்பினர்கள் ஒரு குடும்பம் விடாமல் பத்திரிகை வைத்தார். வந்தவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று தாம்பூலப் பை ஐந்நூறு அடித்தார். "ஐந்நூறு எதுக்குங்க, முந்நூறு போதாதா?" என்று பெண்டாட்டி பாண்டியம்மாள் கேட்டதற்கு, "எம்மக பேரு ஊர் பூராம் போகட்டும் புள்ள" என்றார். கெட்டித் துணி, சாயம் போகாத மை. ஒவ்வொரு பையிலும் ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு. ஐந்நூறும் தீர்ந்துபோய்க் கடைசிப் பந்தி ஆட்களுக்குத் தேங்காயைக் கையில் கொடுத்தார்கள்.

கல்யாணமாகி எட்டே மாதத்தில், அடுத்து வந்த தையில், பிள்ளை போய்விட்டாள். காமாலை. கண் மஞ்சளாக இருக்கிறது என்று ஆள் வந்து சொன்ன அன்றே பாண்டியம்மாள், "மதுரைக்குக் கூட்டிக்கிட்டு வந்து பெரியாஸ்பத்திரியில காட்டுவோம்" என்று துடித்தாள். நல்லகாமன்தான், "கட்டிக்குடுத்த பிள்ள. அவுக பச்சிலை குடுத்துக்கிட்டிருக்காக. நாம போயித் தூக்கிட்டு வந்தா மரியாதையா இருக்காது. நாலு நாள் பாப்போம்" என்றார். நாலு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. காளையும் ஓடி ஓடித்தான் பார்த்தான்; அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. குற்றம் யார்மேல் என்று நல்லகாமனுக்கும் தெரியும், பாண்டியம்மாளுக்கும் தெரியும். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம். அன்றிலிருந்து மகள் பேரை அவள் வாயிலிருந்து அவர் கேட்கவே இல்லை.

தல்லாகுளத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பசுமலைக்குக் குடிபோனார்கள். பிள்ளை உடுத்திய சேலை துணிமணியெல்லாம் வழக்கப்படி வண்ணாத்திக்குப் போயிற்று. கல்யாண ஆல்பம் மாப்பிள்ளை வீட்டில். அதைக் கேட்டு வாங்க அவருக்கு நா எழவில்லை. மிச்சமிருந்த பத்திரிகைகளைப் பாண்டியம்மாளே ஒருநாள் அடுப்பில் போட்டுவிட்டாள். ரேஷன் கார்டில் பேரைக் கல்யாணம் ஆனதுமே அவர் கையாலேயே எழுதிக்கொடுத்து நீக்கியாயிற்று. அப்படி ஒரு பிள்ளை இருந்தாள் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு எழுத்து இல்லை. எழுத்து இருந்தாலும் பாண்டியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, அது வேறு விஷயம்.

அந்தப் பேர் இப்போது கடைக்கு வந்துவிட்டது.

அன்று மாலையே நல்லகாமன் போர்டை அழித்துவிடலாமா என்று நினைத்தார். கவரை ஓசியில் கொடுத்துத் தொலைத்தால் இந்தப் பை வராது. ஈரத்துணியைக்கூட எடுத்துவிட்டார். அப்புறம் என்னவோ அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் ரெண்டு பை வந்தது. ஒன்று நன்றாக வெளுத்துப் பேர் மங்கியிருந்தது. இன்னொன்று இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது; அந்த வீட்டம்மா அதைத் தொடாமலே வைத்திருந்தாள் போல. அடுத்த வாரம் ஏழு பை. ஒன்றாம் தேதி, சம்பள நாள், வரிசையில் பதினேழு மஞ்சள் பை. நல்லகாமன் கவுண்டருக்கு உள்ளே நின்று பார்த்தார். தங்கப்பொண்ணு, தங்கப்பொண்ணு, தங்கப்பொண்ணு என்று வாசல் வரைக்கும் அவர் மகள் நின்றாள். அழுகையும் வந்தது, பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. பெற்ற வயிறு மட்டும்தான் எரியுமா? வளர்த்த நெஞ்சும் எரியும்.

அதன்பிறகு மனுஷர் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மஞ்சள் பை வைத்திருந்தவர்களை வரிசையில் முன்னால் கூப்பிட்டுச் சாமான் போட்டார். "இதென்ன அண்ணே அநியாயம், நாங்க காலையிலயே வந்து நிக்கிறோம்" என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு அம்மா மண்ணெண்ணெய் டின்னைப் பைக்குள் வைக்கப் போனபோது, "அய்யய்யோ, இதுல வைக்காதீக தாயி, கறை போகாது" என்று பறித்துவிட்டார். மேசை டிராயரில் கோணி ஊசியும் நூலும் வாங்கி வைத்தார். காது பிய்ந்த பை வந்தால், சாமானைக் கட்டுவதற்குள் அவரே தைத்துக் கொடுத்தார். "செயலாளருக்கு இந்த வேலையும் உண்டா?" என்று கிண்டல் பண்ணினார்கள். "கடைக்கு வர்ற பை நல்லா இருந்தாத்தானே கடைக்கு மரியாதை" என்று எதையோ உளறினார். ஆனிமேரி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அந்தக் கல்யாணத்தில் சந்தனக் கிண்ணம் பிடித்துக்கொண்டு நின்றவள்.

பாண்டியம்மாளிடம் சொல்லவேண்டும் என்று தினமும் நினைப்பார். பசுமலை பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது வார்த்தைகளைக் கூட்டிப் பார்ப்பார். வீட்டுக்குள் போய் அவள் முகத்தைப் பார்த்ததும் கூட்டிய வார்த்தையெல்லாம் கலைந்துவிடும். சாப்பாட்டைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பை எங்கே ஓடிவிடப் போகிறது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

ஓடத்தான் போகிறது என்று செப்டம்பர் கடைசியில் தெரிந்தது. தலைவர் தனிஸ்லாஸ் கமிட்டியைக் கூட்டினார். தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சிலும் சங்கத்திலும் நல்ல பேர் எடுத்த மனுஷர்.

"நல்லகாமன், நாலு மாசத்துல அறுபது குடும்பம் எதிர்த்த கடைக்குப் போயிருச்சு. அவன் கவர ஓசியில குடுக்கிறான். இருபது காசப் பாத்துக்கிட்டு நாம கடைய மூடவா?"

"சார், பின்னால சாக்கடையப் பாருங்க. இப்பத்தான் தண்ணி ஓடுது. போன வருஷம் ஒரு மழைக்குக் கோடவுன் வரைக்கும் ஏறுச்சு. மாடு வேற கவரத் திங்குது சார்."

"மாட்டப் பத்திக் கார்ப்பரேசன்காரன் கவலப்படட்டும்யா. பை கொண்டு வர்றது அவுகவுக பழக்கம். அபராதம் போட்டாப் பழக்கம் வந்துருமா? எவனும் நமக்காகத் திருந்த மாட்டான்."

"இன்னும் ஒரு வருஷம் பாப்போம் சார்."

"ஒரு வருஷமா? வெளையாடுறீரா?"

"ஆறு மாசம். வேணாம், தை மாசம் வரைக்கும். தை முடியட்டும் சார், அப்புறம் உங்க இஷ்டம்."

அங்கே இருந்த ஐந்து பேரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "உமக்கு இதுல என்னய்யா இம்புட்டுப் பிடிவாதம்? கவர் கம்பெனிக்காரனோட உமக்கு ஏதும் மாமன் மச்சான் சண்டையா?" என்று தனிஸ்லாஸ் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்து பேரும் அந்தக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஐந்து பேர் வீட்டிலும் அந்தப் பை இருக்கும். நல்லகாமனுக்குச் சொல்லிவிடலாம் என்று உதடுவரை வந்தது. சொல்லியிருந்தால் அத்தனை பேரும் கண் கலங்கிக் கையைத் தூக்கியிருப்பார்கள். இருபது காசு நின்றிருக்கும். ஆனால் அப்புறம் ஊர் அந்தப் பையைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். அவருக்காக இரக்கப்பட்டு எடுத்து வருவார்கள், இல்லை, துக்கப் பை என்று தொடாமல் விட்டுவிடுவார்கள். தங்கப்பொண்ணு உளுந்தும் சோப்பும் சுமந்துகொண்டு சாதாரணமாக வந்து போனதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"சாக்கடை அடைக்குது சார்" என்றார் மறுபடியும்.

"சரி சரி, ஆள் விட்டுத் தோண்டச் சொல்லுவோம்" என்று தனிஸ்லாஸ் தீர்மானத்தை எழுதினார். அக்டோபர் ஒன்றாம் தேதி முதல் கவர் இலவசம்.

ஒன்றாம் தேதிக்கு இரண்டே நாள் இருந்தது. நல்லகாமன் ஒரு கணக்குப் போட்டார். சம்பள நாள் கூட்டம்; நாலு மாதமாகப் பையோடு வந்து பழகியவர்கள்; கவர் ஓசி என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருக்காது. பதினேழு வராவிட்டாலும் பத்துப் பையாவது வரும். அதுதான் கடைசி நாள். அன்றைக்குப் பாண்டியம்மாளைக் கூட்டிப்போய்க் காட்டிவிடவேண்டும்.

ஒன்றாம் தேதி காலையில் அவள் இட்லித் துணியை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றார்.

"பாண்டி, நம்ம பிள்ள பேரு கடைக்கு வருது."

அவள் திரும்பவில்லை. துணியைப் பிழிந்த கை மட்டும் நின்றது.

"கல்யாணத்துல குடுத்தோம்ல, மஞ்சப்பை. சனங்க அதத்தான் கொண்டு வாராக. போன ஒண்ணாந்தேதி பத்தொம்பது. மொத மாசம் பதினேழு. நான் எண்ணுனேன்."

குழாயிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. பிறகு பாண்டியம்மாள் கேட்டாள்: "கிழியாம இருக்கா?"

"நல்ல துணி புள்ள. ஒண்ணு ரெண்டு காது பிஞ்சிருந்துச்சு, நான் தச்சுக் குடுத்திட்டேன்."

அவள் குழாயை மூடினாள். முகம் கழுவி, பெட்டியிலிருந்த அரக்குச் சேலையை எடுத்துக் கட்டினாள். "வாங்க, பஸ்ஸு போயிறப் போகுது" என்று அவருக்கு முன்னால் வாசலில் இறங்கி நின்றாள். இருபது மாதத்தில் அவள் அவசரப்பட்டு அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

பண்டகசாலை வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே நல்லகாமன் கண்ணில் அது பட்டுவிட்டது. தனிஸ்லாஸ் முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குக் கிளம்பியபிறகு ஆள் வைத்து ஒரு துணி எழுதிக் கட்டியிருந்தார், ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தும் தெரிகிற மாதிரி. 'உறுப்பினர்களுக்கு நற்செய்தி. இன்று முதல் கவர் இலவசம்.' போதாக்குறைக்குத் தெருத் தெருவாக ஆள் விட்டுச் சொல்லவும் சொல்லியிருந்தார்.

பாண்டியம்மாளைக் கவுண்டருக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைத்தார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். கூட்டம் வந்தது, நல்ல கூட்டம். போனவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் பை இல்லை. நல்லகாமன் ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். கவர், கவர், கவர். ஆனிமேரி வாயில் எச்சில் தொட்டுத் தொட்டுக் கவரைப் பிரித்துக் கொடுத்து ஓய்ந்துபோனாள்.

"எங்கங்க?" என்று பாண்டியம்மாள் பத்து மணிக்குக் கேட்டாள்.

"வரும் புள்ள. இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு."

பதினொன்றரைக்கு விக்டோரியா டீச்சர் வந்தார். இவர் பழக்கம் மாறாதவர், கட்டாயம் கொண்டு வந்திருப்பார் என்று நல்லகாமன் எட்டிப் பார்த்தார். டீச்சர் கையை வீசிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், உங்க பை எங்க டீச்சர்?"

"அதுவா? அடி பூராம் பிஞ்சுபோச்சு சார். அடுப்படியில கரித்துணியாக் கெடக்கு. அதான் நீங்களே இப்ப ஓசியில குடுக்குறீங்களே" என்று டீச்சர் சிரித்தார். முக்காலியில் இருப்பது யார் என்று அவர் கவனிக்கவில்லை. பாவம், அவருக்கென்ன தெரியும்?

பாண்டியம்மாளுக்குக் காதில் விழுந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. ஆனிமேரி கொண்டுவந்த கலர் சோடாவையும் தொடவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நல்லகாமன் அன்றைக்கு ஒருவருக்குச் சர்க்கரைக்குப் பதில் ரவையைக் கட்டிக்கொடுத்தார். நாலு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தேன், நேற்று கூட்டி வந்திருக்கக்கூடாதா, போன மாதம் கூட்டி வந்திருக்கக்கூடாதா, எனக்கு எதிலும் நாலு நாள் பொறுக்கத்தானே தெரியும் என்று தன்னையே வைதுகொண்டார்.

ஒரு மணிக்குக் கடை அடைக்கிற நேரத்தில் ஒரு பெண் அவசரமாகப் படியேறி வந்தாள். கையில் மஞ்சள் பை. சிவப்பு எழுத்து, நடுவில் குத்துவிளக்கு.

நல்லகாமன் கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். "வாம்மா, வா, வா" என்று பையைக் கையிலிருந்து வாங்கினார். அந்தப் பெண் பயந்துபோனாள். "எம்பேரு முருகம்மாங்க. வீட்டுக்காரருக்கு உசிலம்பட்டில இருந்து இங்க மாத்தலு. புதுசாக் கார்டு போடணும்" என்றாள்.

நல்லகாமன் பையைப் பார்த்தார். துணி புத்தம் புதுசாக இருந்தது.

காளை – மலையம்மாள்
திருமண விழா

கீழே ஊர்ப் பேரும் இருந்தது. மாப்பிள்ளை ஊர்தான்.

"போன ஆவணியில எங்க ஊருல நடந்த கல்யாணங்க" என்றாள் முருகம்மாள், அவர் பையையே பார்ப்பதைக் கண்டு. "மாப்ளைக்கு ரெண்டாந்தாரம். மொதப் பொண்டாட்டி காமாலையில போயிருச்சாம், பாவம்."

அவருக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? இருபத்தாறு வயசுப் பையன், எத்தனை நாள் தனியாக இருப்பான். அவன்மேல் நல்லகாமனுக்குக் கோபம்கூட வரவில்லை. அதே மஞ்சள், அதே சிவப்பு, அதே விளக்கு. அவர் மகள் பேர் இருந்த இடத்தில் இன்னொரு பேர் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. பையை மடித்து மறைக்கலாம் என்று திரும்பினார். பாண்டியம்மாள் அப்போதுதான் பின்னால் வந்து நின்றாள்.

"வந்திருச்சா?" என்றாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அவருக்கு எத்தனை காலம் ஆயிற்று! "அதானே? குடுங்க, குடுங்க இப்பிடி."

கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து மடியில் விரித்து, சுருக்கம் போக நீவினாள். முருகம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஆனிமேரி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக் கார்டு எழுதுகிற பக்கம் அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"எப்பிடி வச்சிருக்கு பாத்தீங்களா அந்தப் பிள்ள, அழுக்குப்படாம" என்றாள் பாண்டியம்மாள். "இதுல எது நம்ம பிள்ள பேரு?"

நல்லகாமன் பக்கத்தில் குந்தினார். சொல்லிவிடவேண்டும் என்றுதான் குந்தினார். அவள் ஆட்காட்டி விரல் பையின்மேல் காத்துக்கொண்டிருந்தது. அந்த விரலைப் பிடித்து இரண்டாவது பேருக்குக் கீழே வைத்தார்.

"படிங்க."

"தங்கப்பொண்ணு."

"தங்கப்பொண்ணு" என்றாள் பாண்டியம்மாள். இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம் பையைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டு, கடை அதிர, இருபது மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். "என் தங்கப்பொண்ணு, என்னப் பெத்தவளே, நான் அன்னைக்கே வாரேன்னு சொன்னேனே தாயி, நான் சொன்னேனே" என்று அழுதாள். நல்லகாமன் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கையைத் தட்டிவிடவில்லை.

அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளைக்கு வேற பை குடுங்க. இது நமக்கு வேணும். காசு கேட்டாலும் குடுத்திருங்க" என்றாள்.

"சரி."

"இன்னொண்ணு. அங்க சிலேட்டு இருக்குல்ல, பிள்ளைக வாங்குறது? ஒண்ணு எடுங்க, பலப்பத்தோட. அவ பேர எழுத எனக்குக் கத்துக்குடுங்க. இந்தப் பை கிழிஞ்சாலும் நான் எழுதி வச்சுக்கிருவேன். மத்தவுக கொண்டு வருவாகன்னு நான் இனிமே உக்காந்திருக்க மாட்டேன்."

நல்லகாமன் எழுந்துபோய்ச் சிலேட்டும் பலப்பமும் எடுத்து வந்தார். பாண்டியம்மாள் பையை எதிரே விரித்து வைத்து, சிலேட்டை மடியில் வைத்து, பலப்பத்தைக் கரண்டி பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தாள். பையைப் பார்த்து, சிலேட்டைப் பார்த்து, மறுபடி பையைப் பார்த்து, மெதுவாக ஒரு எழுத்தைப் போட்டாள். கோணலாக இருந்தாலும் நன்றாகத் தெரிந்தது: 'ம'.

"சரியா இருக்கா? இது என்ன எழுத்து?" என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"த" என்றார் நல்லகாமன்.